டாக்டர் ஓட்டிய வண்டி

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்கள் அத்தனையையும் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கோவை கணபதிப் பக்கம் நான் பார்க்கப்போன காரும் அப்படித்தான். 2017 மாடல், ஒரே ஓனர், மீட்டரில் 38,000 கிலோமீட்டர். “சர்வீஸ் புக் எங்கே தம்பி?” என்று கேட்டேன். புரோக்கர் தம்பி சாவியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டு, “சார், இது டாக்டர் வண்டிங்க” என்றார். கேள்விக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டாராம்.

சர்வீஸ் ரெக்கார்டு இல்லாத வண்டியை எடுக்கலாமா கூடாதா என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த டாக்டரை ஒரு கை பார்க்க வேண்டியிருக்கிறது.

யார் இந்த மனிதர்? காலையில் வீட்டிலிருந்து கிளினிக், ராத்திரி கிளினிக்கிலிருந்து வீடு. நாற்பதைத் தாண்டி ஓட்டியதில்லை. மழையில் வண்டியை வெளியே எடுத்ததில்லை. பின் சீட்டில் யாரும் உட்கார்ந்ததே இல்லை என்கிறார்கள். பாவம், குடும்பம் இருந்ததா என்றே தெரியவில்லை. “ஊட்டிக்காவது போயிருப்பாரே?” என்றேன். “மேட்டுப்பாளையமே தாண்டுனதில்லீங்க.” “பழநி?” “டாக்டர் சாமி கும்பிட மாட்டாருங்க.” நாத்திகர் ஓட்டிய வண்டிக்குத் தேய்மானம் குறைவு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதிலும் தரம் உண்டு. டாக்டர் வண்டி ஒரு விலை. லேடி டாக்டர் வண்டி என்றால் பத்தாயிரம் கூட. ரிட்டயர்டு லேடி டாக்டர் வண்டி என்றால் பேரமே கிடையாது, கும்பிட்டுவிட்டுப் பணத்தை எண்ணிவைக்க வேண்டியதுதான். பல் டாக்டரையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். மாட்டு டாக்டரை மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. தோட்டம் தோட்டமாகக் குண்டுங்குழியில் போயிருப்பார் என்று அவர்களுக்கே தெரியும். பேங்க் மேனேஜர் வண்டி என்று ஒரு காலத்தில் சொல்வார்கள், அந்தப் பேச்சே இப்போது இல்லை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். மாணவர்களைவிட பழைய கார் வியாபாரிகள்தான் அன்று அதிகம் சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அடுத்த தலைமுறைக்கும் ஓனர்கள் தயார்.

அப்படியென்றால் கால் டாக்ஸி ஓட்டிய வண்டியெல்லாம் எங்கே போகிறது? காலேஜ் பையன் டிரிஃப்ட் அடித்துப் பழகிய வண்டி? ஈரோடு, சேலம், திருச்சி என்று வாரம் முழுக்கப் பறக்கிற மெடிக்கல் ரெப்பின் வண்டி? என்னுடைய சந்தேகம் அந்த மெடிக்கல் ரெப் மேல்தான். அவரும் தினமும் டாக்டர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிறவர். புரோக்கர் சொல்வதில் முக்கால் உண்மை இருக்கிறது. ஆர்.சி.யில் தொழில் என்று ஒரு கட்டம் இல்லாதது இவர்கள் செய்த புண்ணியம்.

எட்டு வருடத்தில் 38,000 என்றால் நாளைக்கு 13 கிலோமீட்டர். டாக்டருக்குப் பொருந்துகிறது, டயருக்குப் பொருந்தவில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் போட்டிருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். இந்த வண்டியில் நான்கு டயரிலும் 1222. அதாவது 2022-இல் புது டயர் மாட்டி, அதுவும் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. பிரேக் பெடல் ரப்பரில் வரியே இல்லை. நாளைக்கு 13 கிலோமீட்டர் போகிற மனிதர் வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனாரா?

ஜலதோஷம் என்று போனாலும் “பழைய ரிப்போர்ட் எடுத்துட்டு வந்தீங்களா?” என்று கேட்பது டாக்டர்கள்தான். அவர் வண்டிக்கு ஆயில் மாற்றிய ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. 10,000 கிலோமீட்டருக்கோ வருடத்துக்கோ ஒருமுறை விட்டிருந்தால்கூட எட்டு பில் இருக்க வேண்டும். எல்லாம் கம்பெனி கம்ப்யூட்டரில் இருக்கும் என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். ஓனர் வந்து கேட்டால்தான் தருவோம் என்றார்கள். ஓனர் நம்பரைக் கேட்டேன். “டாக்டர் ஆபரேஷன்ல இருக்காருங்க” என்றார் தம்பி. ஞாயிறு சாயங்காலமும் அதே ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை வரை முடியவில்லை. அந்த நோயாளியை நினைத்தால் பயமாக இருக்கிறது.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிச்சலாக இருக்கிறது. காகிதத்தைக் காப்பாற்றத் தெரியாத ஜனமா நாம்? முப்பது வருடத்துக்கு முந்தைய மொய் நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. காதுகுத்துக்கு 51 ரூபாய் எழுதியவர் பேரன் கல்யாணத்துக்கு நாம் எவ்வளவு எழுத வேண்டும் என்று அதைப் புரட்டித்தான் முடிவு செய்கிறோம். ஏழு லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டியின் சர்வீஸ் பில் மட்டும் டேஷ்போர்டிலிருந்து நேராக வடை மடிக்கப் போய்விடுகிறது. அதைக் கேட்டால் கேட்டவன்தான் சந்தேகப் பிராணி.

சரி, இன்சூரன்ஸ் பேப்பரையாவது பார்ப்போம் என்று வாங்கினேன். ஐந்து வருடம் தொடர்ந்து கிளெய்ம் இல்லையென்றால் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் வரை ஏறியிருக்கும். இதில் பூஜ்யம். ஒன்று, வண்டி எங்கேயோ முட்டியிருக்க வேண்டும்; இல்லை, பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டிருக்க வேண்டும். “டாக்டருக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏதுங்க” என்றார் தம்பி. நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு, “இன்னொரு பார்ட்டி நாளைக்கு அட்வான்ஸோட வர்றாருங்க. அவரும் டாக்டர்தானுங்க” என்று சேர்த்துக்கொண்டார்.

கடைசியில் எங்கள் மெக்கானிக்கை அழைத்துப்போய்க் காட்டினேன். பானெட்டைத் திறந்தார், ஆயில் மூடியைக் கழற்றி முகர்ந்தார், கதவோரம் தட்டிப் பட்டி போட்டிருக்கிறதா என்று பார்த்தார். சீட் பெல்ட்டை அடிவரைக்கும் இழுத்துச் சேற்றுக் கறை தேடினார்; 2015-இலும் 2023-இலும் சென்னையில் தண்ணீருக்குள் நின்ற வண்டிகளுக்கு அப்புறம் எல்லா வண்டியிலும் அதைச் செய்கிறார். பிறகு ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“எப்படிங்க?”

“பரவாயில்லீங்க. சின்னச் சின்ன வேலை இருக்குது.”

“எடுக்கலாமா, வேண்டாமா?”

“எடுத்தா எடுக்கலாமுங்க.”

“நீங்களா இருந்தா எடுப்பீங்களா?”

அவர் வண்டியைப் பார்த்தார், புரோக்கரைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். “நான் எடுக்க மாட்டேனுங்க. ஆனா நீங்க எடுத்தீங்கன்னா, வேற எங்கயும் விட்டுறாம நம்ம கடைக்கே கொண்டாந்துருங்க.”