கடன்கொண்ட பெருந்தகையர்

தெற்காசியாவின் ஆட்சிச் சிறப்பைக் காவியமாகப் பாட விரும்பும் புலவர், பாட்டுடைத் தலைவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாகிஸ்தானையும் இலங்கையையும் ஆண்டருளிய பெருமக்கள் இருக்கிறார்கள். இரு நாடுகளும் 1950இல் சர்வதேச நாணய நிதியத்தில் சேர்ந்தன. அன்று தொடங்கிய உறவை இத்தனை அன்போடு பேணியவர்கள் உலகிலேயே மிகச் சிலர்தான்.

மூப்பின்படி முதல் வணக்கம் பாகிஸ்தானுக்கு. 1958 ஒக்டோபரில் ஆட்சியைக் கைப்பற்றிய அயூப் கான், அந்தக் களைப்புத் தீருமுன்னரே, டிசம்பரில் நிதியத்தோடு முதல் உடன்பாட்டைச் செய்தருளினார். இலங்கைக்குக் கூச்சம் அதிகம். 1965இல் டட்லி சேனநாயக்கவின் அரசு வரும்வரை காத்திருந்தது. அதன் பிறகு இருவருமே சளைக்கவில்லை. பாகிஸ்தான் இருபது உடன்பாடுகளைத் தாண்டி வெகுநாளாயிற்று. இலங்கை 2023 மார்ச்சில் 17ஆவதைக் கண்டது. பண்பாடறியாத இந்தியாவோ 1991இல் தங்கத்தை அடகு வைத்து, நிதியத்திடமும் கடன் பெற்று, 1993இல் அந்தக் கடன் திட்டம் முடிந்ததும் அந்த வாசல் பக்கமே போகாமல் இருந்துவிட்டது. நன்றி மறந்த நாடு!

கடனை எவரும் வாங்கலாம். வாங்கிய கடனின் நிபந்தனையைப் பாதி வழியில் உதறிவிட்டு, அதையே மக்களுக்குச் செய்த தானமாகக் காட்டுவதற்குத்தான் மேதைமை வேண்டும். 2016இல் இலங்கை 1.5 பில்லியன் டொலர் திட்டத்தில் இறங்கியது. 2019 இறுதியில் அரியணை ஏறிய கோட்டாபய ராஜபக்ஷ, 15 வீதமாக இருந்த வற் வரியை 8 வீதமாக்கினார். வருமான வரியையும் வெட்டினார். கஜானாவில் இருப்பதைக் கொடுப்பவன் சாதாரண வள்ளல். இல்லாததைக் கொடுத்த இவர் வள்ளல்களுக்கெல்லாம் வள்ளல்.

அந்தப் புகழை அவருக்கு மட்டும் விட்டுக்கொடுக்க இம்ரான் கானுக்கு மனம் வருமா? நிதியத்திடம் கையேந்துவதைவிடத் தற்கொலை மேல் என்று முழங்கிய அந்தத் தன்மானச் செம்மல், 2019இல் 6 பில்லியன் டொலர் கடனுக்கு இசைந்தும் நீடூழி ஆண்டார். 2022 பெப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்து எண்ணெய் விலை விண்ணுக்குப் போனது. உலகமே பதறிய அந்த வேளையில், 28ஆம் திகதி, பெற்றோலை லீட்டருக்கு 10 ரூபா குறைத்து, ஜூன் வரை ஏறாது என்று வாக்கும் கொடுத்தார். ஏப்ரலில் பதவி போயிற்று. வாக்கைக் காப்பாற்றும் சுமையும் கூடவே போயிற்று. அடுத்த அரசு மே மாதக் கடைசியில் 30 ரூபா ஏற்றியது. ஒரு வாரம் கழித்து இன்னொரு 30. கொடுத்தவர் பெயர் நிலைத்தது. கட்டியவர்களுக்குப் பெயர் எதற்கு?

இருவரில் பெரியவர் யார் என்று என்னைக் கேட்டால், எண்ணிக்கையில் பாகிஸ்தான், ஆழத்தில் இலங்கை. பாகிஸ்தான் 2023இல் கையிருப்பு 3 பில்லியன் டொலருக்கும் கீழே போன பின்னும் விளிம்பிலேயே நின்றுவிட்டது. இலங்கையோ 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்துக் குதித்தே காட்டியது. அதற்கு மூன்று மாதம் முன்பு, எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற ஜனவரியில், பிணைமுறிக்காரர்களுக்கு 500 மில்லியன் டொலரை ஒரு நாளும் பிந்தாமல் எண்ணி வைத்தார்களே, அந்த நாணயத்தை எந்த நாவால் புகழ்வேன்!

கடன் கொடுத்த மகானையும் மறக்கலாகாது. முந்தைய பணத்தை யார் தின்றார்கள் என்று கேட்டு எவரையும் புண்படுத்தாத பெருந்தன்மை நிதியத்துடையது. இலங்கையிடம் வற் வரி 18 வீதமாக வேண்டும், மின்கட்டணம் செலவுக்கு ஈடாக வேண்டும் என்றெல்லாம் கேட்டது. 2023 பெப்ரவரியில் மின்கட்டணம் 66 வீதம் ஏறியது. உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளின் திறைசேரி முறிகளை அரசு தொடவில்லை. அதன் பார்வை நேரே ஊழியர் சேமலாப நிதியில் விழுந்தது. குறைந்த வட்டிக்கு இணங்கினால் வரி 14 வீதம், மறுத்தால் 30 வீதம். உழைப்பாளியின் முதுமைக்கு இவ்வளவு சுதந்திரமான தெரிவை வேறெந்த அரசு வழங்கியிருக்கிறது?

தேயிலை பறித்து டொலர் ஈட்டித் தரும் மலையகப் பெண்ணுக்கும் பங்கு உண்டு. 2021இல் அவளுடைய நாட்கூலி 1,000 ரூபா, அன்றைய மதிப்பில் ஐந்து டொலர். மறு ஆண்டு ரூபா சரிந்தபின் அதே கூலி மூன்று டொலருக்கும் கீழே. கடன் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடாமலேயே அவள் இந்தப் பேறு பெற்றாள்.

ராஜபக்ஷ சகோதரர்களும் அவர்களது உயர் அதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் கூறியது. வழக்குத் தொடுத்தவர்களுக்கு 150,000 ரூபா செலவுத்தொகை கிடைத்தது. ஒரு தேசத்தை வங்குரோத்தாக்கியவர்கள் வீட்டில் சுகமாக இருக்கிறார்கள். நாகரிகம் என்றால் இதுவல்லவா!

2024 செப்டெம்பரில் பாகிஸ்தான் மேலும் 7 பில்லியன் டொலருக்கு உடன்பட்டது. இதுவே கடைசி என்று பிரதமர் ஷெபாஸ் ஷெரீப் அருளினார். கடைசி என்ற சொல்லை இப்படிச் சிரஞ்சீவியாக வாழவைக்கும் திறன் அந்நாட்டுப் பிரதமர்களுக்கு வாய்த்த வரம். இந்த உடன்பாட்டின் 37 மாதங்களும், 2023இல் தொடங்கிய இலங்கை உடன்பாட்டின் 48 மாதங்களும் கணக்குப்படி 2027இலேயே முடிகின்றன. ஆகவே பெருமக்களே, மாலைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். வழக்கம்போல் பூவுக்கான பணத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.