ஆயிரத்தை இரண்டாயிரமாக்கிய மந்திரி

கேள்வி: ரத்தக்காட்டேரிப் படங்களில் பாகத்துக்குப் பாகம் சாகாவரத்தின் விதி மாறுகிறதே, நம் கதைகளாவது ஒழுங்கா?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: விக்கிரமாதித்தன் கதையையே எடுத்துக்கொள்வோம். வேதாளத்தை ரத்தக்காட்டேரியாக்கி ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கதைதான், ஆகவே ஒப்பிடலாம். இந்திரன் தந்த வரம் சிம்மாசனத்தில் ஆயிரம் ஆண்டு. மந்திரி பட்டிக்குக் காளி கொடுத்ததோ இரண்டாயிரம். பட்டி வழி சொல்கிறான்: நாடு ஆறு மாதம், காடு ஆறு மாதம். அரியணையில் அமராத நாள் வரத்தில் கழியாது! விதியை மீறாமல், அதைக் கூர்ந்து படித்தே ராஜாவின் ஆயுளை இரட்டிப்பாக்கிய இந்த இடத்துக்கு ஈடாக எந்தக் காட்டேரிப் படத்திலும் ஒரு காட்சி இல்லை. சறுக்கல் முடிவில் வருகிறது. விக்கிரமாதித்தனை வீழ்த்தியவன் சாலிவாகனன் என்பது மரபு. விக்கிரம சகாப்தம் கி.மு. 57இல் தொடக்கம், சாலிவாகன சகாப்தம் கி.பி. 78இல். இடைவெளி 135 ஆண்டுதான். மீதி ஆயுள் எங்கே? கதைக்கு எதற்குக் கணக்கு என்பீர்கள். பட்டி ஜெயித்ததே கணக்கால்தானே! சகாப்தம் பஞ்சாங்கத்தின் சரக்கு, கதைசொல்லியுடையதல்ல என்று வாதிட்டால் அதை ஏற்கிறேன். கதைக்குள் பட்டியின் கணக்கு உறுதியாக நிற்கிறது; வரலாற்றோடு ஒட்டுப்போட்ட இடத்தில்தான் பிரிகிறது. உங்கள் காட்டேரிப் படங்களிலும் முதலில் அத்தகைய ஒட்டைத் தேடிப் பாருங்கள்.