பணப்பையும் தலைத்துணியும்

கேள்வி: அமிர்தசரஸ் யாத்திரைக்கு ஆசை; ஆனால் விமானம், அறை, சாப்பாடு என்ற மூன்று செலவுகளும் வாசற்படியிலேயே மறிக்கின்றனவே?

பதில்: மூன்றில் இரண்டைப் பொற்கோயிலே ஏற்றுக்கொள்ளும். லங்கர் என்னும் அதன் போஜனசாலையில், அகாலத்தில் நுழைந்தாலும், ஜாதியோ மதமோ ஐசுவரியமோ விசாரிக்கப்படாமல், லட்சாதிபதியும் ரிக்‌ஷாக்காரரும் தரையில் ஒரே பந்தியாக அமர்ந்திருக்க, நீங்களும் சுடச்சுட ரொட்டியும் பருப்பும் வயிறார உண்ணலாம். ரொட்டியை மட்டும் இரு கரங்களையும் ஏந்திப் பிரசாதமாகவே பெற வேண்டும். எத்தனை உன்னதமான வழக்கம்! அருகிலுள்ள யாத்திரிகர் விடுதிகளில், இடமிருந்தால், இலவசமாகவோ சொற்பத் தொகைக்கோ தங்கலாம். விமானச் சீட்டை டெல்லியோடு நிறுத்தி, மிச்சமுள்ள சுமார் 450 கிலோமீட்டரை ரயிலில் கடந்தால், பஞ்சாபின் கோதுமை வயல்களும் தரிசனமாகும். பணப்பையை மறந்தாலும், தலையை மூடும் துணியை மறவாதீர்கள். அதுவின்றி உள்ளே அனுமதியில்லை.