நாற்காலி நிர்ணயம்: காஞ்சி மாநகர்ப் பணியாளர் விழா விளையாட்டுகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

அலுவலகங்களிலும் ஆலைகளிலும் ஆண்டுக்கொரு முறை, ஆயுத பூஜையை ஒட்டியோ, பொங்கலை ஒட்டியோ, அல்லது தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்து சேர்ந்த தினத்தை ஒட்டியோ, ஊழியர்களைப் பாராட்டும் பொருட்டு எடுக்கப்பெறும் விழாக்களில், அவர்தம் ஒற்றுமையுணர்ச்சியை வளர்க்கும் சத்காரியமாக ஆடப்பெறும் விளையாட்டுகளைக் குறித்து முறையான சாஸ்திரம் ஒன்று இதுகாறும் தமிழில் எழாதது பெருங்குறையே. வாயிற் கவ்விய கரண்டியில் எலுமிச்சம்பழத்தை ஏந்தி, ஓய்வுக்கு இரண்டாண்டே மிச்சமிருக்கும் தலைமைக் கணக்கர் ஒருவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகையில், தாம் எந்தத் தத்துவத்தின் பிரதிநிதியாக ஓடுகிறோம் என்பது அவருக்கே தெரிவதில்லை. அன்னாரது அறியாமையைப் போக்குவதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

ஆராய்ச்சிக்குக் காஞ்சிபுரத்தைக் களமாகக் கொண்டது ஏன் எனின், பண்டிதர்களின் சினத்தைத் தாங்கிப் பழகிய ஊர் அது. குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்ற அமர்ந்தபொழுது, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுள் முதற்பாட்டின் முதலடியிலேயே, இந்தச் சொற்புணர்ச்சிக்கு விதி எங்கே என்று கேட்டுச் சபையார் அரங்கேற்றத்தை நிறுத்திவிட்டனர் என்றும், சோழநாட்டுப் புலவராக வேடந்தாங்கி முருகனே மறுநாள் எழுந்தருளி, வீரசோழிய இலக்கணத்தை விரித்துக் காட்டி விதியுண்டு என்று சாதித்த பின்னரே புராணம் மேலே நகர்ந்தது என்றும் ஐதிகம். கடவுளே வந்து மேற்கோள் காட்டினாலன்றி நகராத சபை அது. அச்சபையாரின் சந்ததியார் இன்றும் பல்கலைக்கழகங்களில் வாய்மொழித் தேர்வு நடத்திக்கொண்டிருக்கின்றனர், முருகன்தான் வருவதில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் வலியது. நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்னும் அந்தணன் வேதக்கல்வியை நிறைவு செய்துகொள்ள விரும்பித் தன் குருவுடன் காஞ்சிக் கடிகையாம் கல்விச்சாலைக்கு வந்தான். வந்த இடத்தில் பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு கலகம் மூண்டது. அவமானம் பொறாதவனாய்த் தர்ப்பை பிடித்த கையில் வாளைப் பிடித்து, பல்லவரோடு பொருது, கடம்ப அரசை நிறுவினான் என்று கர்நாடகத்துத் தாளகுந்தாத் தூண் கல்வெட்டு சொல்கிறது. அக்கலகம் எதனால் மூண்டது என்பது பற்றி வரலாற்றறிஞர் விவாதித்துக்கொண்டே இருக்கலாம். யாம் கொண்ட முடிபு ஒன்றே: கடிகை மாணாக்கரையும் குதிரைப்படையினரையும் கலந்து இரண்டு அணிகளாகப் பிரித்து, ஒரேயொரு பிற்பகல் சாக்கு ஓட்டம் நடத்தியிருந்தால் கடம்ப வம்சம் தோன்றியேயிராது, பள்ளிப்பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் குறைந்திருக்கும்.

இவ்வாராய்ச்சிக்கு ஆதாரமாக அமைந்தது 'நாற்காலி நிர்ணயம்' என்னும் அரிய நூல். அதன் ஆசிரியர் பெயர் தெரியவில்லை, காலம் தெரியவில்லை, நூலும் கிடைக்கவில்லை. இம்மூன்றும் ஒரு மேற்கோள் நூலுக்குரிய உத்தம இலக்கணங்கள் என்பதைத் துறைபோகிய அறிஞர் அறிவர். கிடைக்கும் நூலைக் காட்டினால் எவனாவது எடுத்துப் பார்த்துவிட்டு, அங்கே அப்படி இல்லையே என்பான். ஆதலின் நூலை யாமே கற்பித்துக்கொண்டோம். அதை ஒளியாமற் சொல்லிவிட்டோம் என்னும் ஒன்றே சக ஆராய்ச்சியாளர் சிலரிடமிருந்து எம்மை வேறுபடுத்துவது.

விழா விளையாட்டுகள் ஏழு என்பார் நிர்ணயகாரர். ஒன்பது என்பார் உரைகாரர். எட்டு என்று எவரும் சொல்லாமையின் எட்டே சரியாயிருத்தல் கூடும். சாக்கு ஓட்டம் மேலே சொல்லப்பட்டது. நூலிற் கட்டித் தொங்கவிட்ட முறுக்கைக் கைபடாமற் கடித்தல், பல் கட்டியவர்க்கு விலக்கு. கோலப்போட்டியில் கணக்குப் பிரிவினர் புள்ளி தவறுவதுமில்லை, பரிசு பெறுவதுமில்லை. பலூன் உடைத்தல் ஆராய்ச்சிக்கு உரியதன்று. ஒளித்த பொருளைத் தேடும் ஆட்டத்துக்கோ இவ்வூரில் ராஜ பரம்பரையே உண்டு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரஹசனம் காஞ்சித் தெருக்களில் நிகழ்வது. மதுமயக்கத்தில் தன் கபால பாத்திரத்தைத் தொலைத்த காபாலிகன், வழியிற் கண்ட பௌத்த பிக்ஷுவே திருடன் என்று சாதித்துத் தத்துவ விசாரம் வரை போக, பாத்திரத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய். அலுவலகத்தில் ஸ்டேப்ளர் காணாமற்போனாலும் விசாரணை இதே கிரமத்தில்தான் நடைபெறுகிறது. கண்ணை மூடிக்கொண்டு பின்புறமாகச் சாய்ந்து, சகாக்கள் தாங்குவர் என்று நம்பும் மேனாட்டு ஆட்டம் ஒன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளின் வழியாக இம்மாவட்டத்துள் புகுந்திருக்கிறது; அதனைப் பதவி உயர்வுப் பட்டியல் வெளிவருவதற்கு முன்பே நடத்திவிடுதல் நலம்.

இனி, இசை நாற்காலி.

பத்துப் பேருக்கு ஒன்பது நாற்காலிகள். பாட்டு நிற்கும்போது இடம் பிடியாதவன் வெளியேற, அவனோடு ஒரு நாற்காலியும் வெளியேறும். இவ்வாறே ஆடி ஆடி, முடிவில் ஒருவன் அமர்ந்திருக்க, ஒன்பது பேர் நின்றுகொண்டு கைதட்டுவர். இதனால் ஒற்றுமை வளருமாறு எங்ஙனம் எனின், ஒன்பது பேர் ஒருவனைப் பற்றி ஒரே கருத்தினராவது கண்கூடு என்க.

இவ்வாட்டத்தின் உட்பொருளை ஆராயுமிடத்து, காஞ்சியில் இரண்டு சம்பிரதாயங்கள் வழங்குவது தெளிவாகும். தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல ஜீவனும் முயலல் வேண்டும் என்பது மர்க்கட நியாயம். பூனை தானே வந்து குட்டியைக் கவ்விச் செல்வதுபோல ஈசுவரனே ஏற்றுக்கொள்வான் என்பது மார்ஜார நியாயம். முன்னது வடகலையார்க்கும் பின்னது தென்கலையார்க்கும் உரியனவாகச் சொல்லப்படும். வேதாந்த தேசிகர் அவதரித்த தூப்புல் இந்நகரத்தில் உள்ளது. வரதராஜப் பெருமாள் கோயில் யானையின் நெற்றியில் எந்தத் திருமண் இடுவது என்னும் விவகாரம் நீதிமன்றம் ஏறியதும் இந்நகரத்தில்தான். இத்தகைய ஊரில் நாற்காலிக்கு இரண்டு கலைகள் தோன்றாதிருந்தாலன்றோ ஆச்சரியம்?

இளநிலை எழுத்தர்கள் அனைவரும் மர்க்கட நியாயத்தவர். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கை நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டே நகரும். பார்வை பாட்டுப்பெட்டிக்காரரின் தோளிலிருந்து விலகாது. நின்ற கணத்தில் பாய்ந்து பற்றுவர், சில சமயம் நாற்காலியில் முன்னமே அமர்ந்திருப்பவரையும் சேர்த்து. மேலாளரோ மார்ஜார நியாயத்தைச் சார்ந்தவர். அவர் பிரயத்தனம் எதுவும் செய்வதில்லை. பின்னால் கை கட்டிக்கொண்டு பிராகாரம் சுற்றுவதுபோற் சுற்றுவார். பாட்டு நின்றதும், எதிர்ப்படும் பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சமீபமாக வந்துவிட்ட ஊழியர் திடீரென்று செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிவார்; நாற்காலி தானே வந்து மேலாளரை ஏற்றுக்கொள்ளும்.

பாட்டை நிறுத்துபவர் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும் என்பது நிர்ணயத்தின் விதி. சுவரில் ஸ்தாபகரின் கண்ணாடி போட்ட படம் மாட்டியிருந்தால் என் செய்வது? மேலாளர் எந்த நாற்காலிக்கு எதிரே வந்தார் என்பது அதிற் பிரதிபலிக்குமே! இவ்விடத்தில் உரைகாரர்கள் பிணங்குகின்றனர். பிரதிபிம்பம் மாயையாதலின் அதைப் பார்த்தல் பாராமையே என்பது 'விருத்தி'. பார்த்தல் உண்மையே, ஆயினும் சம்பள உயர்வு கருதிப் பார்த்தமையின் அது நிஷ்காம கர்மம் ஆகாது என்பது 'பிளாஸ்டிக் நாற்காலிப் பிரகாசிகை'. இருவரும் அறியாதார்; நாற்காலிக்கு ஒரு கால் ஒடிந்திருந்தால் இரு நியாயமும் ஒருங்கே விழும் என்பது 'கால்முறி டிப்பணி'. இதனை நிர்ணயம், ஆசன காண்டம், நின்றோர் படலம், ஏழாம் சூத்திரத்துக்கு எழுந்த இடைச்செருகலின்மேல் பிற்காலத்தார் எழுதிய ஓரக்குறிப்பில், காபி சிந்திய கறைக்கு இடப்புறமாகக் காண்க. அக்கறை டிகிரி காபியா, தூள் கலந்ததா என்பதை வைத்துச் சுவடியின் காலத்தை நிறுவ முயன்றுவருகிறோம். தம் ஊர்க் கல்வெட்டில் ஓரெழுத்து சிதைந்திருந்தால் அதைக்கொண்டு ஆயிரம் ஆண்டு பின்னுக்குப் போகும் அறிஞர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

கயிறு இழுத்தலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதர் தேர்வடத்தை அத்தனை பேரும் ஒரே திசையில் இழுக்கிறார்கள், தேர் நகர்கிறது. விழாவிலோ அதே கயிற்றை இரு முனையிலும் பிடித்து எதிரெதிராக இழுப்பர். ஒன்றும் நகராது, சிலர் விழுவர். கொள்முதல் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் இடையே கோப்பு நகரும் விதத்தைத் தத்ரூபமாகக் காட்டுதலின், பயிற்சி என்ற அளவில் இதற்கு நிகர் வேறில்லை.

பாராட்டு என்னும் அங்கமோ பொன்னாடையால் நிகழ்வது. தூய பட்டையும் ஜரிகையையும் நெய்து உலகுக்கு அனுப்பும் ஊரில், ஊழியர் தோளில் ஏறும் பொன்னாடை பாலியெஸ்டரால் ஆனது; குத்துவிளக்குக்கு அருகே நிற்கவிடலாகாது. 2015 முதல் ஆகஸ்ட் 7-ஆம் நாளை, 1905-இல் அதே நாளில் தொடங்கிய சுதேசி இயக்கத்தின் நினைவாக, தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகின்றனர். அன்று நெசவாளருக்கே சால்வை போர்த்தப்படும். துணி நெய்பவனுக்குத் துணி கொடுத்துக் கௌரவிக்கும் இவ்வழக்கு எந்த அலங்காரத்தின்பாற்படும் என்பதை அணியிலக்கணம் வல்லார் கூறுக. போனஸ் சட்டம் மட்டும் ரசனையற்றது. பாராட்டு குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று அது கணக்காகச் சொல்லிவிட்டது. இடையில் கரண்டியுமில்லை, எலுமிச்சையுமில்லை. ஊழியர்களிடம் அபிப்பிராயம் கேட்டால் எல்லோரும் இவ்வறட்டுச் சட்டத்தின் பக்கமே பேசுவது அவர்களது கலையுணர்ச்சியின்மையைக் காட்டும்.

எஞ்சியது மூன்று கால் ஓட்டம். இருவரை அருகருகே நிறுத்தி, ஒருவரது இடக்காலையும் மற்றவரது வலக்காலையும் சேர்த்துக் கட்டி ஓடவிடுவது இது. இதன் பூர்வரூபத்தைத் தேடிச் சுமேரியா வரை செல்லும் உத்தேசம் இருந்தது. செலவு கருதிப் பிள்ளையார்பாளையத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

அங்கே கோர்வைச் சேலை நெய்யும் குழித்தறி ஒன்றன்முன் அமர்ந்தோம். உடல் அரக்கு, கரை பச்சை. உடலுக்கு ஒரு நாடா, இருபுறக் கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடாக்கள்; எறிபவரோ இருவர். தறிக்காரர் குழிக்குள் கால்விட்டு மிதியை அழுத்துகிறார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவர் மனைவி ஒரு கரையின் நாடாவை எறிகிறார். பச்சை இழை அரக்கு இழையைக் கோத்துக்கொண்டு திரும்பவேண்டும், ஒவ்வோர் ஊடைக்கும். ஒருவர் இமைப்பொழுது முந்தினாலும் கோர்வையில் இழை தளரும். சேலையை நெசவாளர் சங்கத்து மேஜைமேல் விரித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பாது, கூலியில் பிடிப்பார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, பேசுவதுமில்லை, காலையில் ஏதோ மனஸ்தாபம் என்று அறிந்தோம், கோர்வையில் அது தென்படவில்லை. முற்காலத்தில் வீட்டுப் பிள்ளைகளே கரைநாடா எறிவது வழக்கமாம். இவர்கள் பிள்ளை ஒரகடத்தில் ஓர் ஆலைக்குப் போகிறான். சென்ற மாதம் அவ்வாலை ஊழியர்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள விடுதி ஒன்றுக்குப் பேருந்தில் அழைத்துச் சென்று, கூட்டு மனப்பான்மை வரவேண்டும் என்பதற்காகக் காலைக் கட்டி ஓடவிட்டார்களாம். பையன் இரண்டாவதாக வந்து ஒரு ஹாட்பாக்ஸ் பெற்றான். அது சுவரலமாரியில் காகிதம் பிரியாமல் இருந்தது.

"இப்படி ஆண்டுக்கு ஒரு நாள் உங்களுக்கும் வைத்தால் எப்படியிருக்கும்?" என்று ஆராய்ச்சி முறைப்படி வினவினோம்.

தறிக்காரர் மிதியை நிறுத்தவில்லை. "ஆடுற அன்னிக்கு கூலி உண்டா சார்?" என்றார்.

"அதக் கேளு மொதல்ல" என்றார் அம்மாள். அன்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட முதற்பேச்சு அது என்று பின்னர்ச் சொன்னார்கள்.

வினாவைக் குறித்துக்கொண்டு திரும்பி, நாற்காலி நிர்ணயத்தில் முதலிலிருந்து கடைசிவரை விடை தேடினோம். அவ்விடத்து ஏட்டைக் கறையான் அரித்திருக்கிறது.