ஆள் இருக்கு!

என் மனைவியின் தம்பிக்கு இந்த உலகத்தில் பிடிக்காத ஒரே விஷயம், பொருளின் மேல் அச்சடித்திருக்கும் விலை. அதை அப்படியே கொடுத்துவிட்டு வருகிறவர்களை, கணக்கில் பெயிலான பிள்ளையைப் பெரியப்பா பார்ப்பதுபோல் பார்ப்பான்.

"எவ்வளவு குடுத்தீங்க மாமா?" என்பான். சொன்னதும் கண்ணை மூடி ஒரு 'உச்' கொட்டுவான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஆள் இருக்குல்ல!"

அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. தட்கல் டிக்கெட்டுக்கு ஆள், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஆள், திருப்பதி தரிசனத்துக்கு ஆள். இந்த ஆட்களை நாங்கள் பார்த்ததில்லை. பாதிப் பேரை அவனே பார்த்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கடவுளாவது ஏதோ ஒரு ஊரில் சிலையாக நிற்கிறார். இவனுடைய ஆட்கள் வாட்ஸப்பில் சிங்கமாகவோ பைக்காகவோதான் காட்சி தருவார்கள். அப்படி ஓர் ஆள் மூலம் வந்த மிக்ஸி எங்கள் வீட்டில் இருக்கிறது. சட்னி நன்றாக அரைக்கும். நிறுத்தச் சொன்னால்தான் நிற்காது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். கேட்டால், "மோட்டார் அவ்வளவு ஸ்ட்ராங் மாமா" என்பான்.

என் மகனுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள் வந்தது. "என்னடா வேணும்?" என்று கேட்டாள் அவன் அம்மா. "டயமண்ட்" என்றான். பத்து வருடமாகத் தோட்டுக்குக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவள், என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

அது செல்போன் விளையாட்டில் செலவழிக்கிற வைரம். 2022 பிப்ரவரியில், அவன் அப்போது ஆடிக்கொண்டிருந்த ஃப்ரீ ஃபயர் விளையாட்டை அரசு தடை செய்தபோது, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவன் நான். அதன் அண்ணனான 'மேக்ஸ்' தடைப் பட்டியலில் இல்லை என்று மறுநாளே மகன் பொறுமையாக விளக்கினான். அதையும் ஆடி முடித்து, இப்போது வேறொரு விளையாட்டு. அதன் பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை.

"தாய்மாமன் நான் இருக்கும்போது மருமவனுக்கு நீங்க ஏன் வைரம் வாங்கணும்?" என்று கிளம்பினான் மச்சினன். "ஆள் இருக்கு. பாதி விலை."

எனக்கு ஒரு சந்தேகம். "மாப்ள, தியேட்டர் வாசல்ல நாங்க பார்த்த பிளாக் டிக்கெட் எல்லாம் கவுன்ட்டரைவிட விலை ஜாஸ்தி. காசு போட்டு வாங்கினவன் லாபம் பார்க்கணும்ல? கவுன்ட்டரைவிடக் கம்மியா பிளாக்ல விக்கிறான்னா, அவன் காசே போடலைன்னுதானே அர்த்தம்?"

"நீங்க பழைய காலம் மாமா."

ஆள், முதலில் பையனின் ஐடி எண்ணைக் கேட்டான். பிறகு பாஸ்வேர்டையும் கேட்டான். முறையாக டாப்-அப் செய்கிற இடங்களில் பெரும்பாலும் அந்த எண் மட்டுமே போதும் என்று மகனே சொன்னான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அரிசி மூட்டை இறக்க வருகிறவர் வீட்டுச் சாவியைக் கேட்பதில்லையே! "உள்ள போய்ப் பத்திரமா வச்சுட்டு வரணும்ல?" என்று சாவியைக் கொடுத்தான் மாமன்.

கால் மணி நேரத்தில் வைரம் வந்துவிட்டது. அதுதான் வினை. தூண்டிலில் புழு எப்போதும் உண்மையான புழுதான். மச்சினன் அதை 'தாய்மாமன் சீர்' என்று ஸ்டேட்டஸ் வைத்தான், தெருவில் நாலு பையன்களுக்கு ஆளின் எண்ணைக் கொடுத்தான். மகன் ஒரு சிவப்புக் கோட்டு, தங்கத் துப்பாக்கி, ஒரு குத்தாட்டம் எல்லாம் வாங்கினான். செத்து விழுந்த எதிரியின் பக்கத்தில் போய் ஆடுவதற்கு அந்த ஆட்டமாம்.

மூன்றாவது வாரம் மகன் போனோடு வந்தான். "அப்பா, மைனஸ் 1,060 டயமண்ட்னு காட்டுது."

விசாரித்ததில் விளங்கியது இதுதான். இப்படிப்பட்ட ஆட்களில் பலர் யாரோ ஒருவரின் திருட்டுக் கார்டில் வைரம் வாங்கித் தருவார்கள். இல்லையென்றால், வாங்கிவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கார்டுக்குச் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்ததும் பணம் அவருக்குத் திரும்பும். விளையாட்டு நிறுவனம் வைரத்தைத் திரும்ப எடுக்கும். செலவாகியிருந்தால் கணக்கு மைனஸில் போகும். கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் விளையாட்டை நடத்தும் சூப்பர்செல் நிறுவனம் இதை ஒளிக்காமலே எச்சரிக்கிறது: அங்கீகாரம் இல்லாதவர்களிடம் வாங்கினால் இருப்பு மைனஸாகலாம், கணக்கே முடக்கப்படலாம் என்று. சீர் வாங்கிக் கடனாளியான முதல் மருமகன், எனக்குத் தெரிந்து, என் பிள்ளைதான்.

மறுநாள் ஐடியே திறக்கவில்லை. சாவி வைத்திருந்தவர் பூட்டையும் மாற்றிவிட்டார். மூன்று வருட உழைப்பு போச்சு என்று மகன் அழுதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் மூன்று நிமிடம் உழைக்காத பிள்ளை, பாவம்.

மச்சினன் ஆளைப் பிடித்தே விட்டான். ஆளும் தங்கமானவன், உடனே மன்னிப்புக் கேட்டான். "பணத்தைத் திருப்பிடறேன் ப்ரோ. இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க."

"மாப்ள, பணம் வர்றதுக்குப் பின் எதுக்கு? யூபிஐயில பின் போட்டா பணம் போகத்தானே செய்யும்!" என்று நான் அடுக்களையிலிருந்து ஓடி வருவதற்குள், அவன் நாலு எண்ணையும் அமுக்கிவிட்டிருந்தான். போனில் டிங் என்று மணி அடித்தது. 4,000 ரூபாய் போயே போய்விட்டது. சிங்கத்தின் படமும் மறைந்தது.

இரண்டு நாள் அவன் 'ஆள்' என்ற பேச்சையே எடுக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இணைய மோசடிக்கென்று உள்ள 1930 எண்ணை நான் உடனே அழுத்தினேன். சீக்கிரம் சொன்னால், போகிற வழியிலேயே பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மச்சினன் நகத்தைக் கடித்தபடி நின்றான். திருந்திவிட்டான் போலிருக்கிறது என்று எனக்கே இரக்கம் வந்தது.

மெதுவாக என் காதருகே குனிந்து கேட்டான்:

"மாமா, அந்த ஆபீஸ்ல நமக்கு யாராச்சும் ஆள் இருக்காங்களா?"