மோதிரக் கைக் குட்டு

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பது பழமொழி. எழுத்தாளர்கள் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கதையைப் படிக்கக் கொடுக்குமுன் எதிராளியின் விரலைத்தான் பார்க்கிறார்கள். விருது வாங்கியவரா, மோதிரம் எத்தனை பவுன் என்பதுதான் கவலை. குட்டு எந்த இடத்தில் விழுந்தது என்று யாரும் தடவிப் பார்ப்பதில்லை. உண்மையில், கருத்துச் சொல்வதில் காசு பெறுவது அந்த இடம் ஒன்றுதான்.

நம் மரபுக் கதைகளே இதற்குச் சாட்சி. பிழைபடப் பாடியவரின் தலையில் பிள்ளைப்பாண்டியன் குட்டினானாம். வாதில் தோற்றவரின் காதை வில்லிபுத்தூரார் துறட்டால் அறுத்தாராம். ஒட்டக்கூத்தரோ தலையையே எடுத்துவிட்டாராம். தண்டனை படிப்படியாக ஏறுகிறதே தவிர, எந்தச் சீரில் தளை தட்டியது என்ற தகவல் இந்தக் கதைகளில் இல்லை. காது போனவருக்குக் காது போனது தெரியும். பாட்டில் என்ன போயிற்று என்பது தெரியாது. சீத்தலைச் சாத்தனார் இதற்கு நேர்மாறு. பிறர் பாட்டில் பிழை கண்டபோதெல்லாம் எழுத்தாணியால் தம் தலையையே குத்திக்கொண்டு, அது சீழ்ப்பிடித்துச் ‘சீத்தலை’ ஆனாராம். சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்று அறிஞர்கள் விளக்கம் தருகிறார்கள். இருந்தும் கதை நிலைத்துவிட்டது. பிறருடைய கையெழுத்துப் பிரதியை ஒருமுறையாவது படித்துக்கொடுத்தவர் எவரும் அதை நம்பத் தயங்கமாட்டார்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் காதையும் தலையையும் விட்டுவிட்டு நூலைப் பார்த்தார். நூலில் வரக்கூடாத குற்றங்கள் என்று நன்னூலின் பாயிரத்தில் 10 குற்றங்களைப் பட்டியலிட்டார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என்று போகிறது அது. இவற்றில் எதைச் சொன்னாலும் எழுதியவர் பக்கத்தைப் புரட்டி இடத்தைத் தேடலாம். ‘மற்றொன்று விரித்தல்’ என்றால், மாமியார் சண்டைக்கு நடுவே இட்லி மாவு புளித்த வரலாறு 3 பக்கம் ஓடுவது கண்ணில் பட்டுவிடும். ‘அருமை’ என்றால் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது? ‘என்னமோ ஒட்டலை’ என்றால்தான் எங்கே பசை தடவுவது? பாராட்டினால் ஊக்கம் பிறக்குமே என்பார்கள். பிறக்கட்டும், பவணந்தியார் குற்றத்தோடு 10 அழகுகளையும் சேர்த்தே சொன்னார். பாராட்டுக்கும் விலாசம் உண்டு. வாசகரெல்லாம் இலக்கணம் கற்றவரா என்று கேட்டால், வேண்டாம், ‘இந்தப் பக்கத்தில் கொட்டாவி வந்தது’ என்றால் போதும். கொட்டாவிக்கு இலக்கணம் கிடையாது. ஆனால் அதே மூச்சில் ‘கதாநாயகனைக் கொன்றுவிடுங்கள்’ என்று அவர் வைத்தியமும் சொல்வார். வலி எங்கே என்பதில் நோயாளியை நம்பலாம். மருந்துச் சீட்டை அவர் கையில் கொடுக்கக்கூடாது.

குட்டு வாங்குபவரின் யோக்கியதையையும் பார்க்க வேண்டும். தற்புகழ்ச்சி தகாது என்னும் நன்னூல், 4 சமயங்களுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. எதிரி தன்னைப் பழித்த வேளை அவற்றில் ஒன்று. எழுத்தாளர்கள் நன்னூலில் மனப்பாடமாக வைத்திருப்பது இந்த ஒரு விலக்கைத்தான் போலும். ‘12ஆம் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், பழித்துவிட்டார் என்று கொண்டு, அந்தப் பக்கத்தின் உள்ளர்த்தத்தை ஒரு மணிநேரம் விளக்குவார்கள். அந்த விளக்கத்தில் கால்வாசி அந்தப் பக்கத்திலேயே இருந்திருந்தால் குட்டே விழுந்திருக்காது. குட்டுபவர் தவறக்கூடாதா என்றால், தாராளமாகத் தவறலாம். ஒருவர் கொட்டாவி விட்டால் அவருக்கு முந்திய இரவு தூக்கமில்லை என்று விட்டுவிடலாம். மூன்று பேர் ஒரே பக்கத்தில் கொட்டாவி விட்டால், ஒருவர் விரலிலும் மோதிரம் இல்லாவிட்டாலும் குட்டு குட்டுதான்.