தேயிலை மலையில் காமா பிடித்த கதை

1054 ஜூலையில் ரிஷப ராசிப் பக்கம் ஒரு நட்சத்திரம் வெடித்தது. பட்டப்பகலில் 23 நாள் தெரிந்ததாகச் சீன அரண்மனை ஜோதிடர்கள் எழுதிவைத்தார்கள். அப்போது பொலன்னறுவையில் சோழராட்சி. ஏறக்குறைய அதே காலத்தில்தான் ராஜாதிராஜ சோழன் கொப்பத்துப் போரில் யானை மேலிருந்தபடியே உயிரை விட்டான். அண்ணாந்து பார்க்க யாருக்கு நேரம்? நுவரெலியாவில் தேயிலையும் இல்லை, துரையும் இல்லை. பெரட்டுக்குத் தப்படித்து எழுப்ப ஆளும் இல்லை.

வெடித்ததன் மிச்சம்தான் நண்டு நெபுலா. அதன் நடுவே நொடிக்கு 30 தடவை சுழலும் பல்சார் 1968இல் அகப்பட்டது. மறுவருஷமே மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தார் பல்சார்களின் காமாக் கதிரைப் பிடிக்க ஊட்டிக்கு ஏறினார்கள். கையில் இருந்த ஆயுதம், தேடொளி விளக்குக் கண்ணாடிகள். சிரிக்க வேண்டாம். இந்தத் தொழிலை இங்கிலாந்தின் ஹார்வெல்லில் 1952இல் கால்பிரெய்த்தும் ஜெல்லியும் தொடங்கியதே குப்பைத்தொட்டியில்தான். உள்ளே 25 சென்டிமீட்டர் கண்ணாடி, மேலே ஓர் ஒளிப்பெருக்கிக் குழாய், அவ்வளவே சாமான். விண்ணிலிருந்து வரும் கதிர் காற்றில் முட்டித் துகள் மழையாகச் சிதறும்போது, நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரம் நீலமாக மின்னும். அந்த மின்னலுக்குத்தான் வலை.

அதற்கு நிலா இல்லாத இரவு வேண்டும், மேகமில்லாத வானம் வேண்டும். தேயிலை மலையில் போய் இந்தக் கடையை விரித்தவர்களின் நெஞ்சழுத்தத்தை மெச்சத்தான் வேண்டும்.

1986இல் கடை மத்தியப் பிரதேசத்துப் பச்மடிக்கு மாறியது. அடுத்த பெப்ரவரியிலேயே, 1604இல் கெப்ளர் பார்த்ததற்குப் பிறகு அவ்வளவு பளிச்சென்று தெரிந்த சூப்பர்நோவா வெடித்தது. எங்கே? தென்கோடி வானத்தில், பெரிய மெகல்லன் மேகம் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தில். பச்மடியில் அது உதிப்பதே இல்லை! ஊட்டியில் அடிவானத்துக்கு மேலே ஒன்பது பாகை, நுவரெலியாவில் பதினான்கு. அதுவும் மழை குறைந்த மாதத்தில், இருட்டிய கையோடு, நேர் தெற்கே. எதிர்மலை மறைக்காவிட்டால், ஹட்டன் லயத்து வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தவருக்குப் பச்மடி விஞ்ஞானியை விட வசதி.

ஊட்டியிலேயே இருந்திருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது என்பது வேறு கதை. அந்த வெடிப்பின் காமா, கோபால்ட்-56 இரும்பாகும்போது வருவது. காற்றில் நீலமாக மின்ன வைக்கும் தெம்பு அதற்குக் கிடையாது. (கவ்வாத்துக் கத்தியின் இரும்பும் இப்படி எங்கோ வெடித்த நட்சத்திரங்களில் சமைந்ததுதான்.) அந்தக் காமாவைக் கண்டுபிடித்த பெருமை, சூரியனைப் பார்க்கவென்று அனுப்பிய 'சோலார் மேக்ஸ்' செயற்கைக்கோளுக்கு.

கண்ணாடிக்காரர்களுக்கோ வேறு தலைவலி. மின்னுவதில் பெரும்பாலானவை வெறும் காஸ்மிக் கதிர்கள். மின்னலைப் படம் பிடித்து வடிவத்தை அளக்கும் வழியை 1985இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்து மைக்கேல் ஹில்லாஸ் சொல்லிக்கொடுத்தார். காமா என்றால் ஒல்லியான முட்டை. காஸ்மிக் என்றால் கலைந்த தலை. கொழுந்து மடுவத்தில் முற்றல் இலையைக் கழிக்கும் கணக்கப்பிள்ளை வேலைதான். 1989இல் அரிசோனாவின் விப்பிள் தொலைநோக்கி, 37 புள்ளிக் கேமராவை வைத்துக்கொண்டு நண்டைச் சந்தேகமறப் பிடித்துவிட்டது.

இந்தியாவின் 21 மீட்டர் 'மேஸ்' காமாத் தொலைநோக்கியை 2024 ஒக்டோபரில் லடாக்கின் ஹான்லேயில் திறந்தார்கள். கேமராவில் 1,088 புள்ளிகள். இடம் பீதுருதாலகாலையை விட 1,700 மீட்டருக்கு மேல் உயரம். அங்கே ஒரு தேயிலைச் செடி முளைக்காது.